கூண்டு வண்டிக்கு லோன் போட்ட கதை

ட்ரெய்லர் வாங்கப் போறேன்னு அப்பாகிட்ட போன்ல சொன்னப்போ, "என்ன படம்டா?"ன்னு கேட்டாரு. சினிமா ட்ரெய்லர் இல்லப்பா, வண்டிக்குப் பின்னாடி மாட்டி இழுத்துட்டுப் போறது, உள்ளேயே கட்டில், அடுப்பு, பிரிட்ஜ், பாத்ரூம் எல்லாம் இருக்கும்னு விளக்கினேன். கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, "அப்போ நம்ம கூண்டு வண்டி மாதிரின்னு சொல்லு, மாட்டுக்குப் பதிலா கார்"னாரு. அதுக்கப்புறம் எங்க வீட்ல அதுக்குப் பேரு கூண்டு வண்டிதான்.

நாங்க இருக்கறது டாலஸ் பக்கம். ரெண்டு பசங்க. டென்ட் போட்டு கேம்பிங் போயிட்டு இருந்தோம், டெக்சாஸ் வெயில்ல ஜூன் மாசம் டென்ட்டுக்குள்ள படுத்தா இட்லிப் பானைக்குள்ள படுத்த மாதிரி இருக்கும், அதனால 2023 ஆரம்பத்துல ட்ராவல் ட்ரெய்லர் பாக்க ஆரம்பிச்சோம். எந்த மாடல், எத்தனை அடி, எங்க காரு எவ்ளோ எடை இழுக்கும், இதெல்லாம் யூட்யூப்ல ஆயிரம் பேரு சொல்லிட்டாங்க. நான் எழுத வந்தது லோனும் இன்சூரன்சும் பத்தி. ஏன்னா வாங்கறவங்க எல்லாரும் லோனை ஒரு நாள் பாக்கறாங்க, இன்சூரன்சை டெலிவரி எடுக்கற அன்னிக்கு காலையில அவசர அவசரமா போன்ல எடுக்கறாங்க, நானும் அப்படித்தான் பண்ணியிருப்பேன், ஒரு நண்பருக்கு நடந்தது மட்டும் கண்ணுல படாம இருந்திருந்தா.

அவரு 2021 ஜூலைல வாங்கினவரு. கோவிட் சமயம், ஊரே ஆர்வி, அதாவது உள்ளேயே தங்கற வசதி இருக்கற இந்த மாதிரி வண்டிங்க, வாங்க ஓடுன வருஷம் அது, அந்த ஒரு வருஷத்துல மட்டும் 6 லட்சம் ஆர்வி ஃபேக்டரியிலேருந்து வெளிய போச்சு, 2023-ல அது கிட்டத்தட்ட பாதியாயிடுச்சு. அப்போ டீலர்கிட்ட பேரம்னு வாயைத் திறந்தா அடுத்த ஆள் ரெடியா நின்னாரு. நண்பர் 36,000 டாலரை 15 வருஷ லோன்ல 6 சதவீதத்துக்குப் போட்டாரு. மாசம் 304 டாலர். "நெட்ஃப்ளிக்ஸ், போன் பில் மாதிரி ஓரமா போயிட்டு இருக்கும் பாஸ்"னு சொன்னது இன்னும் ஞாபகம் இருக்கு.

2023 மார்ச், ஸ்ப்ரிங் பிரேக். பேலோ டியூரோ கேன்யனுக்குப் போறப்போ ஹைவே 287-ல, அந்தப் பக்கம் காத்து எப்படி அடிக்கும்னு போனவங்களுக்குத் தெரியும், மறைக்க ஒரு மரம் கிடையாது, பக்கவாட்டுக் காத்துல ட்ரெய்லர் ஆட ஆரம்பிச்சு, பதட்டத்துல பிரேக்கை அழுத்த, அது சாஞ்சு ரோட்டோரப் பள்ளத்துல படுத்துடுச்சு. நல்லவேளை யாருக்கும் பெருசா ஒண்ணும் ஆகல, சீட் பெல்ட் அழுத்துன காயம்தான். ட்ரெய்லர் டோட்டல் லாஸ், சரி பண்றது கட்டுப்படியே ஆகாது.

இன்சூரன்ஸ் இருந்தது. காசும் கொடுத்தாங்க. ஆனா அவரு எடுத்திருந்தது சந்தை மதிப்பு பாலிசி, அதாவது விபத்து நடந்த அன்னிக்கு அந்தப் பழைய ட்ரெய்லர் மார்க்கெட்ல என்ன விலைக்குப் போகுமோ அதைத்தான் தருவாங்க. 26,500-னு மதிப்பு போட்டாங்க, அதுல டிடக்டபிள், அதாவது நாமளே ஏத்துக்க வேண்டிய பங்கு, 1,000 போக 25,500. லோன் பாக்கி 33,400. செக் நேரா லோன் கொடுத்த பேங்குக்குப் போச்சு, இவரு கையில ஒரு டாலர் வரல, மேல 7,900 டாலர் கடன் அப்படியே நின்னுச்சு. இல்லாத ட்ரெய்லருக்கு ட்யூ.

நம்ம ஊர்ல நகைக்கடன் வாங்கிப் பழகின மூளைக்கு இது சட்டுனு ஏறாது. நகையை அடகு வச்சா உள்ள இருக்கற நகையோட மதிப்பு பெரும்பாலும் ஏறும், மூழ்கிப் போனாலும் பெரும்பாலும் அந்த நகையிலேயே கடன் அடைஞ்சுடும். ட்ரெய்லர் லோன் ஐஸ் கட்டியை அடகு வச்ச மாதிரி. கடன் கரையறதை விட வேகமா பொருள் கரையும். இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கற இடைவெளி எவ்ளோ, அது எத்தனை வருஷம் இருக்கும்ங்கறதை முடிவு பண்றது லோன். அந்த இடைவெளியில நாம விழுந்தா யாரு தூக்கறதுங்கறது இன்சூரன்ஸ். அதனால ரெண்டையும் ஒரே பேப்பர்ல வச்சுப் பாக்கணும்னு நானும் வீட்டுக்காரியும் உக்காந்தோம்.

எங்க கணக்கு இதுதான். ட்ரெய்லர் 29,900. டெக்சாஸ் வரி 6.25 சதவீதம், டைட்டில்னு சொல்ற உரிமைப் பத்திரம், டாக்குமெண்ட் பீஸ் எல்லாம் போட்டா 32,500. கையிலேருந்து 4,500 போட்டா லோன் 28,000.

டீலரோட ஃபைனான்ஸ் ரூமுக்குப் போனோம். அந்த ரூமைப் பத்தித் தனியா ஒரு போஸ்ட் எழுதலாம். வெளிய சேல்ஸ்மேன் சிரிச்சுப் பேசி அனுப்புவாரு, உள்ள ஒருத்தர் ரொம்ப அமைதியா, ஏசி குளிர்ல, காபி கொடுத்து உக்கார வைப்பாரு. மொத்த விலையைப் பத்திப் பேசவே மாட்டாரு. "மாசம் எவ்ளோ கட்டுனா உங்களுக்கு வசதி?" இதுதான் முதல் கேள்வி. நான் 300-க்குள்ளன்னு உளறிட்டேன். வீட்டுக்காரி மேஜைக்குக் கீழ காலை மிதிச்சா, லேட்டு.

அவரு ஸ்க்ரீனைத் திருப்பிக் காட்டினாரு. 15 வருஷம், 8.5 சதவீதம், மாசம் 276. "பாத்தீங்களா, இன்னும் இடம் இருக்கு"ன்னு சொல்லி அந்த இடத்துல ஒவ்வொண்ணா அடுக்க ஆரம்பிச்சாரு. எக்ஸ்டெண்டட் வாரண்டி 2,995, மாசத்துக்கு 29 டாலர்தான். கேப் இன்சூரன்ஸ், அதாவது இன்சூரன்ஸ் தர்றதுக்கும் லோன் பாக்கிக்கும் நடுவுல இருக்கற இடைவெளியை அடைக்கறது, 895, மாசம் 9 டாலர் கூட வராது. மாசக் கணக்குல சொன்னா எல்லாமே டீக்காசுதான். ஆனா லோனுக்குள்ள சேர்ந்துட்டா அந்த 2,995, 15 வருஷம் முடியறப்போ 5,300 ஆகியிருக்கும், 895 கிட்டத்தட்ட 1,590 ஆகியிருக்கும். இதுல இன்னொண்ணு, டீலர் நமக்குச் சொல்ற வட்டி வேற, பேங்க் டீலருக்குச் சொன்ன வட்டி வேறயா இருக்கலாம். நடுவுல இருக்கற வித்தியாசத்துல டீலருக்கும் பங்கு உண்டு. அது சட்டப்படி ஒண்ணும் தப்பில்ல, நாமதான் வெளிய விசாரிச்சுட்டு உள்ள போகணும்.

யோசிச்சுச் சொல்றோம்னு எழுந்து வந்தோம். அன்னிக்கு ராத்திரி பசங்க தூங்கினதுக்கு அப்புறம் எக்செல் ஷீட்டைத் திறந்தேன். 15 வருஷம் ஒழுங்கா கட்டுனா மொத்தம் 49,600. அதாவது வட்டி மட்டும் 21,600 டாலர். அதை விட என்னைப் பயமுறுத்துனது வேற ஒரு நம்பர். 5 வருஷம் கட்டி முடிச்சிருப்போம், கையிலேருந்து 16,500 போயிருக்கும், பாக்கி எவ்ளோன்னு பாத்தா 22,200. அசல்ல 6,000 கூடக் குறைஞ்சிருக்காது. 5 வருஷப் பழைய ட்ரெய்லரை 22,000-க்கு யாரு வாங்குவா.

அடுத்து கிரெடிட் யூனியன். இங்க புதுசா வந்தவங்களுக்கு, இது நம்ம ஊரு கூட்டுறவு வங்கி மாதிரி, மெம்பர்களே முதலாளி. பல சமயம் வட்டி கம்மியா இருக்கும். ரெண்டு ஆஃபர் கொடுத்தாங்க. 7 வருஷம் 7.5 சதவீதம்னா மாசம் 429, மொத்த வட்டி 8,100 கிட்ட. 10 வருஷம் 8 சதவீதம்னா மாசம் 340, மொத்த வட்டி 12,800 கிட்ட.

வேற வழிகளையும் பாத்தோம், அதையும் சொல்லிடறேன். அடமானம் இல்லாத பர்சனல் லோன் 5 வருஷத்துக்கு 11 சதவீதம்னு வந்தது, மாசம் 609, மொத்த வட்டி 8,500. வட்டி சதவீதம் பயங்கரமா தெரியுது, ஆனா மொத்த வட்டியைப் பாருங்க, 7 வருஷ லோனை விட 400, 500 டாலர்தான் அதிகம், காலம் கம்மிங்கறதால. அதுல ட்ரெய்லர் டைட்டில்ல அடமானம்னு பேங்க் பேரு ஏறாது, இன்ன இன்சூரன்ஸ் எடுன்னு யாரும் கட்டாயப்படுத்த முடியாது. மாசம் 609 எங்களால முடியாதுங்கறதால விட்டோம். வீட்டு மேல வாங்கற ஹெச்இலாக்கும் ஒரு வழி, டெக்சாஸ்ல எல்லா வீட்டுக் கடனும் சேர்த்து வீட்டு மதிப்புல 80 சதவீதத்தைத் தாண்டக்கூடாதுன்னு சட்டமே இருக்கு, எங்களுக்கு அந்த இடம் இருந்தது. ஆனா விளையாட்டுச் சாமானுக்காக குடியிருக்கற வீட்டை ஈடு வைக்கறதா, வீட்டுக்காரி அந்த டேபை மூடச் சொல்லிட்டா, எனக்கும் அதுல மறுபேச்சு இல்ல.

"இது செகண்ட் ஹோம் சார், வட்டிக்கு டாக்ஸ்ல கழிச்சுக்கலாம்"னு அந்த ஃபைனான்ஸ் ரூம் ஆளு ஒரு தூண்டிலும் போட்டிருந்தாரு, அது பொய் இல்ல. படுக்க இடம், சமைக்க இடம், டாய்லெட் மூணும் இருந்தா ஐஆர்எஸ், அதாவது இங்கத்த வருமான வரித் துறை, கணக்குல ட்ரெய்லரும் வீடுதான். லோன் அந்த ட்ரெய்லர் மேலயே இருக்கணும், அப்புறம் நாம ஐட்டமைஸ் பண்ணணும், அதாவது செலவை ஒவ்வொண்ணா கணக்கு காட்டிக் கழிக்கணும். அங்கதான் இடிக்குது. 2023-ல கணவன் மனைவி சேர்ந்து ஃபைல் பண்ணா, எந்தக் கணக்கும் காட்டாம மொத்தமா கழிச்சுக்கற ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷனே 27,700. எங்க வீட்டு வட்டி ஒரு 9,000, ப்ராப்பர்ட்டி டாக்ஸ்ல அப்போ கழிக்க விட்டது அதிகபட்சம் 10,000, ட்ரெய்லர் வட்டி முதல் வருஷம் 2,100 சொச்சம், கூட்டுனாலும் 27,700 கிட்டயே வரல. அப்போ அந்தச் சலுகையால எங்களுக்குப் பைசா பிரயோஜனம் இல்ல. ஐடில இருக்கற நம்ம ஆளுங்க முக்காவாசிப் பேருக்கு இதே கதைதான்னு நினைக்கறேன்.

கடைசியா 10 வருஷ லோனை எடுத்தோம், ஆனா மாசம் 430 கட்டறதுன்னு முடிவு. அப்படிக் கட்டுனா 7 வருஷம் 2 மாசத்துல முடிஞ்சுடும், வட்டி 8,850 வரும். நேரா 7 வருஷ லோனே எடுத்திருந்தா ஒரு 770 டாலர் மிச்சமாகியிருக்கும், தெரியும். விசாவுல வேலை பாக்கறவனுக்கு அந்த 770 டாலர் நிம்மதிக்குக் கொடுக்கற விலை. நாளைக்கு லேஆஃப்னு மெயில் வந்தா 340 மட்டும் கட்டித் தம் கட்டலாம், 429 கட்டியே தீரணும்னு இருந்தா அந்த மாசம் கழுத்தை நெரிக்கும். ஒரு விஷயம், முன்னாடியே அடைச்சா அபராதம் இல்லன்னு எழுத்துல பாத்துட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். அப்படியும் முதல் ரெண்டு மாசம் நான் அதிகமா போட்ட 90 டாலரை அசல்ல கழிக்காம அடுத்த மாச ட்யூவுக்கு அட்வான்சா வச்சிருந்தாங்க. போன் பண்ணி, அரை மணி நேரம் பாட்டு கேட்டு, அசல்ல போடுங்கம்மான்னு சொன்னதுக்கு அப்புறம்தான் மாத்துனாங்க.

இப்போ இன்சூரன்ஸ். கார் பாலிசியே ட்ரெய்லருக்கும் போதும்னு நிறைய பேரு நினைச்சுட்டு இருக்காங்க. பாதிதான் உண்மை. ஹிட்ச்ல, அதாவது காருக்குப் பின்னாடி இருக்கற கொக்கியில, மாட்டி இழுத்துட்டுப் போறப்போ ட்ரெய்லர் போய் அடுத்தவன் வண்டியை இடிச்சா, அந்த அடுத்தவன் நஷ்டத்துக்கு பொதுவா நம்ம கார் பாலிசியோட லயபிலிட்டி வரும். நம்ம ட்ரெய்லருக்கு ஆன சேதத்துக்கு வராது, அதுக்குன்னு தனி கவரேஜ் வேணும். லோன் இருந்தா காம்ப்ரிஹென்சிவ் (திருட்டு, ஆலங்கட்டி மாதிரி சேதம்), கொலிஷன் (மோதல் சேதம்) ரெண்டும் கட்டாயம்னு பேங்க்காரனே சொல்லிடுவான். பாலிசி காலாவதியாகி விட்டுட்டோம்னா அவனே ஒண்ணு எடுத்து நம்ம ட்யூவுல ஏத்திடுவான், அது விலையும் ஜாஸ்தி, காப்பாத்தறதும் அவன் காசை மட்டும்தான்.

விலை கேட்டதுக்கு எனக்கு மூணு கோட் (quote) வந்தது. நண்பர் எடுத்த மாதிரி சந்தை மதிப்பு பாலிசி, வருஷம் 340. ரெண்டாவது, ஒத்துக்கிட்ட மதிப்பு, அதாவது ட்ரெய்லர் இவ்ளோன்னு முன்னாடியே ரெண்டு பேரும் பேசி எழுதிக்கறது, டோட்டல் லாஸ் ஆனா அந்தத் தொகை, 470. மூணாவது, முழு மாற்று, புதுசா வாங்கின முதல் ஓனருக்கு மட்டும், முதல் சில வருஷத்துக்குள்ள டோட்டல் லாஸ் ஆனா அதே மாதிரி புது ட்ரெய்லர், 560.

340-க்கும் 560-க்கும் நடுவுல 220 டாலர். இந்த இடத்துலதான் அந்த ஒரே பேப்பர் உதவுச்சு. 430 வீதம் கட்டுனா 2 வருஷம் முடியறப்போ பாக்கி 21,700, 3 வருஷம் முடியறப்போ 18,100. அதே மாடல்ல 3 வருஷப் பழசு அப்போ 18,000, 19,000-க்கு விளம்பரத்துல இருந்தது. அப்போ எங்களுக்கு ஆபத்து முதல் 3 வருஷம்தான். 3 வருஷத்துக்கு 660 டாலர் அதிகம் கொடுத்தா அந்தப் பள்ளத்தைத் தாண்டிடலாம். டீலரோட கேப் இன்சூரன்ஸ் வட்டியோட 1,590, அதுவும் கடனை மட்டும்தான் அடைக்கும், கையிலேருந்து போட்ட 4,500 போனது போனதுதான். 15 வருஷ லோன் எடுத்திருந்தா இந்தக் கணக்கே மாறியிருக்கும், பள்ளம் 7, 8 வருஷத்துக்கு நீண்டிருக்கும், முழு மாற்று கவரேஜ் அதுக்கு முன்னாடியே முடிஞ்சு போயிருக்கும். 560-ஐ எடுத்தோம்.

சின்னச் சின்ன கவரேஜ்ல ஒண்ணே ஒண்ணுதான் எனக்கு உண்மையா மதிப்பு தெரிஞ்சுது. டைலர் ஸ்டேட் பார்க்ல ஒரு சாயந்திரம், ட்ரெய்லரோட பக்கவாட்டுல விரிக்கற சாய்ப்பு, ஆனிங்னு சொல்வாங்க, அதை விரிச்சு விட்டுட்டு பஜ்ஜி போட்டுட்டு இருந்தோம். எங்கிருந்தோ ஒரு காத்து வந்து அந்தத் துணியை அப்படியே மேல தூக்கி, அதோட இரும்புக் கை ஒண்ணு பிச்சுக்கிட்டுப் பக்கத்து சைட்காரரோட ட்ரக் கண்ணாடிக்கு ஒரு ஜாண் தள்ளி வந்து விழுந்துச்சு. அவரு சிரிச்சாரு, நான் எண்ணெய்க் கரண்டியோட நின்னேன். அப்போ ட்ரெய்லர் ஹிட்ச்ல இல்ல, கழட்டி நிறுத்தியிருக்கு, கார் பாலிசியைக் கூப்பிட்டா அது எங்க வேலை இல்லம்பாங்க. அந்த மாதிரி நேரத்துக்குத்தான் வெகேஷன் லயபிலிட்டின்னு ஒண்ணு இருக்கு, எங்க பாலிசில 10,000-க்கு இருந்தது. அன்னிக்கு ராத்திரியே போன்ல 1 லட்சத்துக்கு ஏத்தினேன், வருஷத்துக்கு ஒரு பிரியாணிக் காசுதான் கூடுச்சு.

இன்சூரன்ஸ் கைவிட்ட கதையும் உண்டு. ரெண்டாவது வருஷம், முன்பக்க மூலையில கட்டிலுக்குக் கீழ வச்சிருந்த போர்வை ஈரமா இருந்தது. தரையைக் கட்டை விரலால அழுத்திப் பாத்தேன், நமுத்துப் போன பிஸ்கெட் மாதிரி உள்ள போச்சு. மேல ஏறிப் பாத்தா கூரை விளிம்புல போட்டிருக்கற சீலன்ட்ல முடி அளவு ஒரு வெடிப்பு. இந்த ட்ரெய்லர் சுவரெல்லாம் உள்ள மெல்லிசு மரச்சட்டம், வெளிய தகரம், ஒரு சொட்டு தண்ணி உள்ள போனா கரையான் மாதிரி வேலை பாக்கும். க்ளைம் போட்டேன். ஒருத்தர் வந்து நாலு போட்டோ எடுத்துட்டுப் போனாரு, ஒரு வாரத்துல லெட்டர், திடீர்னு ஆன சேதம் இல்ல, கொஞ்சம் கொஞ்சமா கசிஞ்சது, பராமரிப்பு ஓனர் பொறுப்புன்னு. பாலிசியை எடுத்துப் படிச்சேன், அப்படித்தான் எழுதியிருக்கு, ஆலங்கட்டி மழை பேஞ்சு கூரை ஓட்டையானா கவர், சீலன்ட் காஞ்சு வெடிச்சா கவர் இல்ல. 1,150 டாலர் சொந்தக் காசு. கோபம் வந்தது, ஆனா யார் மேலன்னு தெரியல. இப்போ மூணு மாசத்துக்கு ஒரு தடவை ஏணி போட்டு ஏறி விளிம்பெல்லாம் விரலால தடவிப் பாக்கறேன், சீலன்ட் ட்யூப் ஒண்ணு 12, 13 டாலர் வரும்.

நடுவுல மச்சான் ஒரு ஐடியா கொடுத்தாரு. "மாமா, சும்மா ஸ்டோரேஜ்ல நிக்கற நேரத்துல வாடகைக்கு விடுங்க, ட்யூ அதுவே கட்டிக்கும்." எங்க ஹெச்ஓஏ, அதாவது குடியிருப்பு சங்கம், வீட்டு வாசல்ல நிறுத்த விடாது, அதனால ஸ்டோரேஜுக்கு வேற மாசம் 95 அழுதுட்டு இருந்தேன், ஆசையாத்தான் இருந்தது. பாலிசியைத் திறந்தா, வாடகைக்கு விட்ட நேரத்துல ஆன சேதத்துக்குப் பொறுப்பில்லன்னு கொட்டை எழுத்துல இருக்கு. லோன் பத்திரத்துலயும் அதே பாட்டு. வாடகை ஆப்ல அவங்க தர்ற தனி இன்சூரன்ஸ் இருக்குன்னாலும், லோன்காரன் சம்மதம் வேணும். மச்சான்கிட்ட சொன்னேன், "அப்போ எங்களுக்கே ஓசியில கொடுங்க"ன்னாரு. அதுக்குத்தான் கேட்டிருக்காருன்னு அப்புறம்தான் புரிஞ்சுது.

இந்த மே மாசத்தோட 3 வருஷம் முடிஞ்சுது. ரினியூவல் லெட்டர் வந்தப்போ பிரிட்ஜ் மேல ஒட்டியிருக்கற அந்தப் பேப்பர்ல வீட்டுக்காரி ரெண்டு நம்பர் எழுதினா. லோன் பாக்கி 18,136. எங்க மாடல், எங்க வருஷம், விளம்பரத்துல 19,000-லேருந்து ஆரம்பிக்குது. முதல் தடவையா கடன் கீழ, வண்டி மேல.

"இனிமே சந்தை மதிப்புக்கே இறங்கிடலாமா, வருஷம் 200 மிச்சம்"னு கேட்டேன். அவ ஜன்னல் பக்கம் போனா, மேற்குல வானம் அந்தப் பச்சை கலந்த கருப்புல இருந்தது, இந்த ஊர்ல அந்தக் கலருக்கு என்ன அர்த்தம்னு எல்லாருக்கும் தெரியும். போன்ல ஆலங்கட்டி அலர்ட் அடிச்சுது. ட்ரெய்லர் 6 மைல் தள்ளி கூரையில்லாத ஸ்டோரேஜ்ல நிக்குது.

"இந்த ஒரு வருஷம் அப்படியே இருக்கட்டுங்க"ன்னா. 560-ஐக் கட்டிட்டு, காரை கராஜுக்குள்ள விடப் போனேன்.